ஆறாவது டாக்டர் காலின் பேக்கர் மீதான ரசிகர் விமர்சனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ அறிவியல் புனைகதைத் தொடரில் ‘டாக்டர்’ என்று மட்டுமே அழைக்கப்படும் நாயகனாக நடிப்பவர் மாறும்போதெல்லாம் ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிவது வழக்கம். அந்தப் பிளவு மிகக் கசப்பாக அமைந்தது 1984இல் காலின் பேக்கர் அந்தப் பாத்திரத்தை ஏற்றபோதுதான். பழைய தொடரை இப்போது முதன்முறையாகப் பார்க்கத் தொடங்கியிருப்பவர்கள் அவரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, தொடரை விரும்புகிறவனாகவும், அவருடைய முதல் கதையைச் சற்றும் விரும்பாதவனாகவும் இங்கே விடையளிக்கிறேன்.

ஒரே பாத்திரத்தில் எப்படி இத்தனை நடிகர்கள் நடிக்க முடிகிறது?

தொடர் 1963 நவம்பர் 23 அன்று வில்லியம் ஹார்ட்னெல்லை டாக்டராகக் கொண்டு தொடங்கியது. 1966இல் அவருடைய உடல்நலம் குன்றியபோது, டாக்டர் வேற்றுக்கிரகவாசி என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, சாகும் தறுவாயில் அவருடைய உடல் முழுவதும் மாறிப் புதிய உருவம் பெறும் என்று கதையிலேயே ஒரு வழி செய்தார்கள். பேட்ரிக் ட்ரௌட்டன் இரண்டாவது டாக்டரானார். புதிதாக வருபவர் வேறு பாத்திரத்தில் நடிப்பதில்லை, அதே மனிதராகத்தான் நடிக்கிறார். ஆகவே முன்னவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ரசிகரின் கெட்ட பழக்கம் என்று சொல்வது சரியில்லை. அந்த ஒப்பீட்டைத் தொடரே கேட்டு வாங்குகிறது.

காலின் பேக்கர் எப்படித் தேர்வு செய்யப்பட்டார்?

1970களில் ‘தி பிரதர்ஸ்’ என்ற குடும்பத் தொடரில் பால் மெரோனி என்ற இரக்கமற்ற நிதித்துறைக்காரராக நடித்து, பார்வையாளர்கள் விரும்பி வெறுக்கும் வில்லனாகப் பெயர் பெற்றவர் அவர். ‘டாக்டர் ஹூ’விலேயே 1983இல் ‘ஆர்க் ஆஃப் இன்ஃபினிட்டி’ கதையில் மாக்ஸில் என்ற காவல் தளபதியாக வந்து, அப்போதைய டாக்டரான பீட்டர் டேவிசனைச் சுட்டு வீழ்த்தியிருக்கிறார். படப்பிடிப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவரின் திருமணத்தில் அவர் கூட்டத்தையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்ததைத் தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர் கவனித்ததாகவும், அந்த நினைவுதான் பின்னர் வாய்ப்பாக மாறியதாகவும் இருவருமே சொல்லியிருக்கிறார்கள். ஓரளவு வேடிக்கையான செய்திதான் இது. கலகலப்பானவர் என்பதற்காகத் தேர்வு செய்யப்பட்டவரிடம், முதல் கதையில் கலகலப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டார்கள்.

முதல் கதையில் அப்படி என்னதான் நடந்தது?

முதலில் அதற்கு முந்தைய கதையைச் சொல்ல வேண்டும். ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய ‘தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி’யின் கடைசிப் பகுதி 1984 மார்ச் 16 அன்று ஒளிபரப்பானது. டாக்டரும் அவருடைய உடன்பயணியான பெரி என்ற இளம்பெண்ணும் நஞ்சேறிச் சாகக் கிடக்கிறார்கள். மாற்று மருந்து ஒருவருக்குத்தான் போதும். டேவிசனின் டாக்டர் அதைப் பெரிக்குக் கொடுத்துவிட்டு உயிர் துறக்கிறார். அப்போது எழுந்து உட்காரும் காலின் பேக்கர், மாற்றம் வந்துவிட்டது, அதுவும் சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறது என்ற பொருளில் ஒரு திமிரான வரியைச் சொல்கிறார். இதுவரை குறையொன்றும் இல்லை.

ஆறு நாள் கழித்து, மார்ச் 22 அன்று, ‘தி ட்வின் டிலெம்மா’ தொடங்குகிறது. உருமாற்றத்தின் அதிர்ச்சியில் மனம் பேதலித்த புதிய டாக்டர், பெரியை உளவாளி என்று குற்றஞ்சாட்டிப் பாய்ந்து அவளுடைய கழுத்தை நெரிக்கிறார். கையில் கிடைத்த சிறிய கண்ணாடியை அவள் அவர் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். அதில் தன் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்ட பிறகுதான் அவர் பிடி தளர்கிறது. முந்தைய வாரம் எந்தப் பெண்ணைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்தாரோ, அதே பெண்ணின் கழுத்தை இந்த வாரம் நெரிக்கிறார். பிறகு தன் பாவத்துக்குப் பரிகாரமாகத் துறவு கொள்ளப்போவதாக அறிவித்து, அவளுடைய விருப்பத்தைக் கேட்காமலேயே அவளையும் சேர்த்து ஒரு வெறிச்சோடிய கோளுக்கு இட்டுச் செல்கிறார். கதையின் மீதிப் பகுதி, கணிதமேதைகளான இரட்டைச் சிறுவர்களைக் கடத்தி வைத்திருக்கும் ஒரு பிரம்மாண்டமான நத்தைப் பூச்சியைப் பற்றியது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

கடைசிக் காட்சியில் அவர் பெரியிடம், உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நான்தான் டாக்டர் என்கிறார். பெரிக்குச் சொன்ன அந்த வரியைப் பார்வையாளர்கள் தங்களுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள். பிடிக்கவில்லை என்றே பலரும் விடை சொன்னார்கள்.

‘டாக்டர் ஹூ மேகசின்’ 2009இல் நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் அதுவரை வந்த 200 கதைகளில் ‘ஆண்ட்ரோசானி’ முதலிடம் பெற்றது, ‘ட்வின் டிலெம்மா’ 200ஆவது இடம் பெற்றது. அடுத்தடுத்து ஒளிபரப்பான இரண்டு கதைகள் பட்டியலின் இரு முனைகளில் போய் நின்றன. 2014இல் 241 கதைகளை வைத்து மீண்டும் வாக்கெடுத்தபோதும் ‘ட்வின் டிலெம்மா’தான் கடைசி.

நாயகனை இப்படி வெறுக்கத்தக்கவராகக் காட்டியது வேண்டுமென்றே எடுத்த முடிவா?

ஆம். தயாரிப்பாளர், திரைக்கதைத் தொகுப்பாளர் எரிக் சேவார்ட், நடிகர் ஆகிய மூவரும் சேர்ந்து எடுத்த முடிவு. டேவிசனின் டாக்டர் மென்மையானவர், எல்லாருக்கும் பிடித்தவர். அவருக்கு நேரெதிராக, தொடக்கத்தில் கர்வமும் கடுகடுப்பும் மிக்கவராக அறிமுகமாகி, ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் நல்ல மனம் கொஞ்சங்கொஞ்சமாக வெளிப்படும் ஒருவரைக் காட்டலாம் என்பது திட்டம். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் முதலில் கர்வியாகத் தோன்றிப் பின்னர் நல்லவராகத் தெரியவரும் டார்சியை பேக்கர் பலமுறை உதாரணம் காட்டியிருக்கிறார். நான்காவது டாக்டராக ஏழு ஆண்டுகள் நடித்த டாம் பேக்கரின் சாதனையை முறியடிக்கும் ஆசையும் அவருக்கு இருந்தது, ஆகவே நிதானமாகப் பாத்திரத்தை வளர்க்கக் காலம் கிடைக்கும் என்று நம்பினார்.

திட்டம் நாவலுக்குப் பொருத்தமானது. நாவலைக் கையில் எடுத்தவர் அடுத்த அத்தியாயத்துக்கு அன்றிரவே போய்விடலாம். ‘ட்வின் டிலெம்மா’வோ அந்த சீசனின் இறுதிக் கதை, 1984 மார்ச் 30 அன்று முடிந்தது. அடுத்த கதை 1985 ஜனவரி 5 அன்றுதான் வந்தது. இடைப்பட்ட ஒன்பது மாதங்களும் கழுத்தை நெரித்த கை ஒன்றே புதிய டாக்டரைப் பற்றிப் பார்வையாளர் மனத்தில் நின்ற பிம்பம். அந்தக் கதையை அடுத்த சீசனின் தொடக்கத்துக்குத் தள்ளியிருந்தாலே இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் பாதிக்கு வேலை இருந்திருக்காது என்பது என் கருத்து.

ஆறாவது டாக்டர் அணியும் அந்தப் பலவண்ணக் கோட்டு யாருடைய யோசனை?

பேக்கருடையது அல்ல. அவர் கறுப்பு உடை கேட்டார். அறவே ரசனையில்லாத உடைதான் வேண்டும் என்று நேதன்-டர்னர் வடிவமைப்பாளருக்கு உத்தரவிட்டார், உத்தரவு எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப்பட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என ஒட்டுப்போட்ட கோட்டு, கோடு போட்ட மஞ்சள் கால்சட்டை, புள்ளி வைத்த கழுத்துப்பட்டி. கோட்டின் மார்பில் செருகியிருக்கும் பூனைச் சின்னம் மட்டுமே பேக்கர் தாமாகச் சேர்த்துக்கொண்டது. சோகமான காட்சியில்கூட நடிகரின் முகத்துக்கு முன்னால் அந்தக் கோட்டுதான் கண்ணில் படுகிறது. மனம் ஒன்றிப் பார்க்க வேண்டிய இடங்களில் இது பெரிய இடையூறு.

அவருடைய டாக்டர் வன்முறையாளர் என்ற குற்றச்சாட்டு நியாயமானதா?

பாதி நியாயம். பெரிதும் பேசப்படும் காட்சி 1985இல் வந்த ‘வெஞ்சன்ஸ் ஆன் வாரோஸ்’ கதையில் உள்ள அமிலத் தொட்டிக் காட்சி. அதைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும், டாக்டர் இரண்டு பேரை அமிலத்தில் தள்ளிக் கொன்றார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இறந்துவிட்டார் என்று கருதி அமிலத்தில் கரைக்கக் கொண்டுவரப்பட்ட டாக்டர் எழுந்து நிற்கிறார். ஊழியன் ஒருவன் மிரண்டு தானே பின்னால் சரிந்து தொட்டியில் விழுகிறான், மற்றவன் டாக்டரோடு மல்லுக்கட்டும்போது தொட்டியிலிருந்து நீளும் கை அவனையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. டாக்டர் தள்ளவில்லை. ஆனால், கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, உங்களோடு நானும் இறங்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு நக்கலை உதிர்த்துவிட்டுப் போகிறார். காட்சியைக் கெடுத்தது அந்த ஒரு வரி. உளவாளி நாயகர்களின் வாயில் எடுபடும் அந்த நக்கல், உயிர் எதுவாயினும் அதன் இழப்புக்கு வருந்தியே பழகிய டாக்டரின் வாயில் கொடூரமாக ஒலிக்கிறது. ‘தி டூ டாக்டர்ஸ்’ கதையில் தன்னைத் துரத்தும் ஷாக்கை என்பவனை சயனைடு கொண்டு கொன்றுவிட்டு டாக்டர் அங்கேயும் ஒரு சிலேடை சொல்கிறார். அந்தக் கொலை தற்காப்பு, சிலேடைக்கு அப்படிப்பட்ட சமாதானம் எதுவும் கிடையாது.

இவற்றை எழுதியவர் நடிகர் அல்லர். எய்தவர் இருக்க அம்பை நொந்த கதைதான் இங்கே பெருமளவுக்கு நடந்தது.

அப்படியானால் நடிகரிடம் குறையே இல்லையா?

இருக்கிறது, அதை மறைத்து எழுதுவது அவருக்கே செய்யும் அநியாயம். தொடக்கக் கதைகளில் பேக்கரின் குரல் எப்போதும் கடைசி வரிசைப் பார்வையாளருக்குக் கேட்கும்படி உயர்ந்தே இருக்கிறது. வியப்பையும் கோபத்தையும் கேலியையும் ஒரே உரப்பில் பேசுகிறார். ஒரு சொல்லை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குரலை ஏற்றிச் சொல்லும் உத்தி முதல்முறை சுவையாக இருக்கிறது, நான்காவது கதையில் சலிப்பூட்டுகிறது. நெருக்கக் காட்சிகளில் கேமரா அவரிடம் கேட்பதைவிட அதிகமாகவே அவர் கொடுத்துவிடுகிறார். மேடையிலிருந்து வந்தவர்களிடம் காணும் குறைதான் இது, ஆனால் டேவிசனும் மேடைக்காரர்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இருந்தாலும் நடிகரை மதிப்பிடும் முன்னர் அவருக்குக் கிடைத்த களத்தைப் பார்க்க வேண்டும். 1985 சீசனில் ஒவ்வொரு பகுதியும் 25 நிமிடத்திலிருந்து 45 நிமிடமாக நீட்டப்பட்டது. எழுத்தாளர்களுக்கு அந்த நீளம் பழகவில்லை. அதன் விளைவாக, டாக்டரும் பெரியும் டார்டிஸ் விண்கலத்துக்குள்ளேயே வெகுநேரம் சச்சரவிட்டுக்கொண்டிருக்க, உண்மையான கதை வேறெங்கோ வேறு பாத்திரங்களைக் கொண்டு நடந்துகொண்டிருக்கிறது. ‘வாரோஸ்’ கதையில் விண்கலம் பழுதாகி நடுவெளியில் நின்றுவிடுவதால், முதல் பகுதியின் கணிசமான நேரம் டாக்டர் நாற்காலியில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த சீசனின் ஆகச் சிறந்த கதையாகப் பலர் கருதும் ‘ரெவலேஷன் ஆஃப் த டாலெக்ஸ்’இல், முதல் பகுதி முழுவதும் டாக்டரும் பெரியும் பனியில் நடந்து, ஒரு சுவரேறிக் குதிப்பதிலேயே கழிந்துவிடுகிறது. நாயகனைக் கதைக்கு வெளியே நிறுத்திவைத்து, அவருக்குச் செய்ய இருப்பது உடன்பயணியைச் சீண்டுவது மட்டுமே என்றாக்கினால், எந்த நடிகரும் சிடுமூஞ்சியாகத்தான் தெரிவார். ரசிகர்கள் கண்டது உண்மையான குறை. அதை அவர்கள் எழுதி ஒட்டிய முகவரிதான் பிழையானது.

1985இல் தொடர் நிறுத்திவைக்கப்பட்டது அவரால்தானா?

அப்படிச் சொல்வதற்கில்லை. 1985 பிப்ரவரியில் ‘பிபிசி ஒன்’ அலைவரிசையின் பொறுப்பாளரான மைக்கேல் கிரேட் அடுத்த சீசனைத் தள்ளிவைத்தார். வன்முறை கூடிவிட்டது, கதைகள் களைத்துவிட்டன என்பவை வெளியில் சொல்லப்பட்ட காரணங்கள். தொடரையே தமக்குப் பிடிக்காது என்பதை கிரேட் பின்னாளில் ஒளிக்காமல் சொல்லிவந்தார். அந்த ஆண்டின் முதல் பகுதியை ஏறத்தாழ 89 லட்சம் பேர் பார்த்திருந்தார்கள், ஆகவே பார்வையாளர்கள் புதிய டாக்டரைக் கைவிட்டதால் நிறுத்தினார்கள் என்ற வாதம் நிற்காது. பதினெட்டு மாத இடைவெளிக்குப் பிறகு 1986 செப்டம்பரில் தொடர் திரும்பியபோதுதான் எண்ணிக்கை 49 லட்சத்துக்குச் சரிந்தது.

1986இன் விசாரணைக் கதையில் அவர் முன்னேறினாரா?

வெகுவாக. ‘தி டிரையல் ஆஃப் எ டைம் லார்டு’ 14 பகுதிகள் கொண்ட ஒரே நெடுங்கதை. டாக்டரை அவருடைய சொந்த இனத்தாரே நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். நிறுத்திவைக்கப்பட்டிருந்த தொடர், தன் மீதான விசாரணையையே கதையாக்கிக்கொண்டது துணிச்சலா அசட்டுத்தனமா என்று இன்றைக்கும் என்னால் முடிவு செய்ய இயலவில்லை. பெரியோடு அவர் பேசும் விதம் முதல் பகுதியிலேயே கனிந்துவிட்டது. இதில் எழுத்தாளரைவிட பேக்கருக்கும் பெரி பாத்திரத்தில் நடித்த நிக்கோலா பிரையண்டுக்கும்தான் பங்கு அதிகம். சண்டையாக எழுதப்பட்ட உரையாடல்களை நட்பான சீண்டலாக மாற்றி நடிப்பது என்று இருவரும் தமக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள்.

ஐந்து முதல் எட்டு வரையிலான பகுதிகளில் டாக்டர் திடீரென்று பெரிக்குத் துரோகம் செய்கிறார். அது இயந்திரத் தாக்குதலால் மூளை கலங்கியதன் விளைவா, எதிரியை ஏமாற்றும் நாடகமா, அல்லது நீதிமன்றத்தில் காட்டப்படும் பதிவே பொய்யாகத் திருத்தப்பட்டதா என்பது திரைக்கதையில் தெளிவாக இல்லை. எதை மனத்தில் கொண்டு நடிப்பது என்று பேக்கர் கேட்டபோது, படப்பிடிப்பில் இருந்த எவராலும் விடை சொல்ல முடியவில்லை என்று அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். அந்நிலையிலும் எட்டாம் பகுதியின் முடிவில், பெரி இறந்துவிட்டாள் என்று நீதிமன்றத்தில் கேட்கும் இடத்தில், வழக்கமான உரத்த குரலை முழுவதும் விட்டுவிட்டு அவர் அடங்கிப் பேசுவதைப் பாருங்கள். பதின்மூன்றாம் பகுதியில் நிலைமை தலைகீழாகிறது. தன் இனத்தாரின் சூதை அறிந்த டாக்டர், பிரபஞ்சத்தின் கொடியவர்களைத் தேடி அலைந்த தான் இங்கேயே இருந்திருக்கலாம் என்றும், கோடி ஆண்டு எல்லையற்ற அதிகாரத்தின் முன் தன் பழைய எதிரிகளான டாலெக்குகளும் சைபர்மேன்களும் குழந்தைகள் என்றும் வெடிக்கிறார். உரத்த குரல்தான். ஆனால் அந்த உரப்புக்கு இங்கே ஒரு காரணம் இருக்கிறது, காரணம் கிடைத்ததும் அதுவரை குறையாகத் தெரிந்தது பலமாகிவிடுகிறது.

ரசிகர்கள் தங்கள் விமர்சனத்தைத் தொலைக்காட்சியிலேயே சொன்னார்களாமே?

சொன்னார்கள். 1986 டிசம்பரில், விசாரணைக் கதை முடிந்த கையோடு, பிபிசியின் ‘ஓப்பன் ஏர்’ என்ற பார்வையாளர் நிகழ்ச்சியில் லிவர்பூல் ரசிகர் மன்றத்தைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் தோன்றி, இறுதிப் பகுதியை எழுதிய பிப் பேக்கர், ஜேன் பேக்கர் தம்பதியிடம் முகத்துக்கு நேரே குறை சொன்னார்கள். கதை புதுமையாக இல்லை, இதைவிட நன்றாக எழுதியிருக்கலாம் என்று சொன்ன பதினாறு வயதுப் பையன் கிறிஸ் சிப்னால். அதே சிப்னால் 2018 முதல் 2022 வரை தொடரின் தலைமைப் பொறுப்பில் இருந்தார், அப்போது ஒரு புதிய தலைமுறை ரசிகர்கள் அவரிடம் அதே குறையைச் சொன்னார்கள்.

அந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது, இளைஞர்களின் புகார் எழுத்தைப் பற்றியதாக இருந்தது என்பதுதான். பிபிசி நிர்வாகம் மாற்றியது எழுத்தாளரையோ தயாரிப்பாளரையோ அல்ல, நடிகரை. அடுத்த சீசனின் முதல் கதையை எழுதியவர்களும் அதே பேக்கர் தம்பதியே.

அவர் ஏன் உருமாற்றக் காட்சியில் வரவில்லை?

பணிநீக்கம் செய்துவிட்டு, சாவதற்கு மட்டும் ஒரு கதைக்கு வந்து போகுமாறு அழைத்தார்கள். அவர் மறுத்தார். எனவே 1987 செப்டம்பரில் ‘டைம் அண்ட் த ராணி’யின் தொடக்கத்தில், அடுத்த டாக்டரான சில்வெஸ்டர் மெக்காய் சுருண்ட பொன்னிறப் பொய்முடி அணிந்து, முகம் தெரியாமல் தரையில் கிடந்து, தாமே தாமாக உருமாறினார்.

இன்று அவரைப் பற்றிய கருத்து மாறிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மை, அதற்குக் காரணம் ஒலிநாடகங்கள். பிக் ஃபினிஷ் நிறுவனம் 1999 முதல் பழைய டாக்டர்களைக் கொண்டு புதிய கதைகளை ஒலிவடிவில் வெளியிட்டு வருகிறது. அங்கே கோட்டு கிடையாது, கேமரா கிடையாது, குரல் மட்டுமே உண்டு. மேகி ஸ்டேபிள்ஸ் நடித்த ஈவ்லின் ஸ்மைத் என்ற வயதான வரலாற்று விரிவுரையாளரை 2000இல் உடன்பயணியாக்கினார்கள். அதட்டினால் திருப்பி அதட்டவும், பசித்தால் முதலில் சாப்பிடு என்று சொல்லவும் தெரிந்த பெண்மணி. அவர் முன்னால் இந்த டாக்டரின் கர்வம் அச்சுறுத்தலாக இல்லாமல் நகைச்சுவையாக மாறியது, அதனடியில் பரிவும் தெரிந்தது. 1984இல் மூவர் போட்ட திட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து நிறைவேறியது. தொலைக்காட்சியில் அவருக்கு மறுக்கப்பட்ட முறையான முடிவும் 2015இல் ‘தி லாஸ்ட் அட்வெஞ்சர்’ என்ற தொகுப்பில் கிடைத்தது.

பின்னாளில் கடுகடுப்பான டாக்டர் வேறு எவரும் வந்ததில்லையா?

2014இல் பீட்டர் கபால்டி வந்தார். முந்தையவரைவிட வயதில் மூத்தவர், முகங்கொடுத்துப் பேசாதவர். முதல் கதையிலேயே உடன்பயணி கிளாராவை எதிரிகளிடையே தனியே விட்டுப் போகிறார். பேக்கருக்குப் போட்ட அதே திட்டம்தான். ஆனால் அந்த அறிமுகக் கதையான ‘டீப் பிரெத்’தில், இவர் நமக்குத் தெரிந்த அதே மனிதர்தானா என்ற பார்வையாளரின் கேள்வியைக் கிளாராவே கேட்கிறாள், முந்தைய டாக்டரான மேட் ஸ்மித் தொலைபேசியில் அவளிடம் பேசி, அவருக்கு உதவி செய் என்று கெஞ்சுகிறார். சில வாரங்கள் கழித்து அவருடைய போக்குப் பொறுக்காமல் கிளாரா சண்டையிட்டு வெளியேறவும் செய்கிறாள். பெரியும் 1984இல் முணுமுணுத்தாள், அழுதாள், எதிர்த்தும் பேசினாள். ஆனால் அதனால் கதையில் எதுவும் மாறவில்லை.

காலின் பேக்கரை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

‘ட்வின் டிலெம்மா’வில் இருந்து வேண்டாம். ‘வெஞ்சன்ஸ் ஆன் வாரோஸ்’ நல்ல தொடக்கம். சித்திரவதையை நேரலையில் பார்த்து வாக்களிக்கும் மக்களைப் பற்றிய அந்தக் கதை, ரியாலிட்டி நிகழ்ச்சிகள் பெருகுவதற்கு வெகுமுன்னரே எழுதப்பட்டது. அதன்பின் ‘ரெவலேஷன் ஆஃப் த டாலெக்ஸ்’, பிறகு விசாரணைக் கதை. ஒலிநாடகம் கேட்கும் பொறுமை இருந்தால் ‘ஜூபிலி’யைத் தவறவிட வேண்டாம். ராபர்ட் ஷியர்மன் 2003இல் எழுதிய அதன் கருவை அடிப்படையாகக் கொண்டுதான், 2005இல் மீண்டும் தொடங்கிய தொடருக்கு அவரே ‘டாலெக்’ பகுதியை எழுதினார். நான்கு கதையும் முடித்த பிறகு, விருப்பமிருந்தால், ‘ட்வின் டிலெம்மா’வின் முதல் பகுதியை மட்டும் பார்க்கலாம். நத்தைப் பூச்சிக்காக மீதி மூன்று பகுதிகளையும் பார்க்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.